மஞ்சச் சட்டைக்காரனைக் கரை சேர்த்த மதினி

எதில் தோற்றாலும் என் மதினிக்குக் கோபம் வராது. அழவும் மாட்டாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, நடந்ததை ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பாள். பிறகு, "எங்க விட்டோம்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வாள். பதில் கிடைத்துவிட்டால் முகம் தெளிந்துவிடும். கிடைக்காவிட்டால், கிடைக்கிற வரைக்கும் எங்கள் வீட்டில் எந்த வேலையும் ஒழுங்காக நடக்காது.

நரிக்குடிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பாளையம்பட்டிக்கு, என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். எங்களுக்கு மெயின்ரோட்டில் உரக்கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. நான் அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். அவள் வந்த முதல் வாரத்திலேயே அவளுடைய குணம் எங்களுக்குத் தெரிந்துபோனது.

அன்று காலையில் பணியாரம் ஊற்றினாள். முதல் ஈடு கல்லோடு ஒட்டிக்கொண்டது. அம்மா, "புதுப் பொண்ணு, பதட்டமா இருக்கும். மாவை தோசையா ஊத்திரும்மா" என்றாள். மதினி, "இருங்கத்தே" என்று அடுத்த ஈடு ஊற்றினாள். அதுவும் ஒட்டிக்கொண்டது. மூன்றாவதும் அப்படியே. மாவு தீர்ந்துபோனது. அப்பா வெறும் காப்பியோடு கடை திறக்கப் போனார். மதினி மட்டும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து காலியான கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு மேல், ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் ஊற்றினாள். எல்லாக் குழிகளிலும் ஒரே பக்கமாகத் தண்ணீர் சாய்ந்து நின்றது.

"அத்தே, இங்க வந்து பாருங்க. அடுப்பு சாஞ்சு நிக்குது. ஒரு பக்கம் வேகுது, ஒரு பக்கம் வேகல."

அடுப்பின் ஒரு காலுக்குக் கீழே அட்டையை மடித்து வைத்தாள். மறுநாள் பணியாரம் பந்து மாதிரி உருண்டு விழுந்தது. அந்த அடுப்பில் அம்மா பதினோரு வருஷம் சமைத்திருந்தாள்.

ஸ்கூட்டி லைசென்ஸ் எடுத்ததும் இப்படித்தான். அது பல வருஷம் கழித்து நடந்தது. எட்டுப் போடச் சொன்னார்கள். பாதி எட்டில் காலை ஊன்றிவிட்டாள். அடுத்த தடவையும் ஊன்றினாள். அதற்கு அடுத்த தடவையும். கூட வந்த பெண்கள் எல்லாம் லைசென்ஸ் வாங்கிவிட்டார்கள். மதினி சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தாள். "ஏத்தா, எங்க விடுறேன்னு கண்டுபுடிச்சிட்டேன். ரெண்டு வட்டமும் சேருற எடத்துல நான் தரையப் பாக்கேன். தரையப் பாத்தா வண்டி தரைக்குத்தான் போகும்." வறண்டு கிடந்த கண்மாய்க்குள் வண்டியைக் கொண்டுபோய், குடத்துத் தண்ணீரை ஊற்றிப் பெரிய எட்டு ஒன்று போட்டாள். ஆடு மேய்க்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். தண்ணீர்க் கோடு காய்ந்ததும் மறுபடி ஊற்றினாள். ஐந்தாவது தடவை லைசென்ஸ் வாங்கிக்கொண்டுதான் வந்தாள்.

ஆனால் மதினி என்றதும் என் கண்முன் வருவது பணியாரமோ ஸ்கூட்டியோ இல்லை. ஒரு பழைய கம்ப்யூட்டர் முன்னால், முதுகை நேராக வைத்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கிற கோலம்தான்.

அந்த நாளில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டிவியில் ஒரு வெளிநாட்டுத் தொடர் வரும். தமிழ் பேச வைத்திருந்தார்கள். கடலில் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றுகிற படகு ஒன்றை ஓட்டுகிற தாடிக்காரன்தான் நாயகன். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மஞ்சள் மழைக்கோட்டைக் கழற்றவே மாட்டான். தொடருக்கு ஏதோ நீளமான பெயர் இருந்தது. எங்கள் தெருவில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. "மஞ்சச் சட்டைக்காரன் வந்துட்டானா?" என்றுதான் கேட்பார்கள். மழைக்கு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஊர் எங்களுடையது. திரை முழுக்கத் தண்ணீராக வருகிற அந்தத் தொடரை வாயைப் பிளந்து பார்ப்போம். யூரியா வாங்க வந்த சம்சாரிகள்கூட மூட்டையை வண்டியில் ஏற்றாமல், கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

கம்ப்யூட்டர் அண்ணன் கொண்டுவந்தது. மதுரையில் ஓர் ஆபீஸில் கழித்துப் போட்டது. கடைக்குப் பில் போட என்று சொல்லித்தான் வாங்கினான். ஒரு பில்லும் போடவில்லை. அதைப் பூட்டிக் கொடுத்தவன் அண்ணனின் கூட்டாளி. அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அவன்தான் ஒரு சீடியைக் கொண்டுவந்து போட்டான். "நம்ம மஞ்சச் சட்டைக்காரன் கேமு" என்றான். நாங்கள் துள்ளிக் குதித்தோம்.

துள்ளல் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டது. டிவியில் அவன் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அரை நிமிஷம் தாங்கவில்லை. இடது பொத்தானை அழுத்தினால் படகு கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். அதற்குள் பாறை வந்துவிடும். பாறையின் ஓரம் பட்டாலே வெடிக்கும். கடல்பறவை மேலே பட்டாலும் வெடிக்கும். பறவை பட்டு எந்த ஊரில் படகு வெடித்திருக்கிறது? ஒவ்வொரு தடவை வெடிக்கும்போதும் தொடரின் பாட்டு கீச்சுக்குரலில் முதலிலிருந்து ஒலிக்கும். மூன்று படகு போனால் ஆட்டம் முடிந்தது. எவ்வளவு தூரம் போயிருந்தாலும் மறுபடி துறைமுகத்திலிருந்துதான் கிளம்ப வேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடர்கிற வசதியெல்லாம் கிடையாது. மொத்தம் ஏழு கட்டம். அண்ணன் மூன்றைத் தாண்டியதில்லை. கூட்டாளி ஆறு வரைக்கும் போயிருந்தான். நான் துறைமுகத்தைவிட்டு வெளியே வந்ததே இரண்டு தடவைதான்.

இன்றைக்கு அப்படி ஒரு விளையாட்டை யாராவது போனில் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் அழித்துவிடுவார்கள். அன்றைக்கு எங்களுக்கு அது ஒன்றுதான் இருந்தது. திட்டிக்கொண்டே விளையாடினோம். கீபோர்டைக் குத்தினோம், செய்தவனைச் சபித்தோம், மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து மறுபடி உட்கார்ந்தோம். அந்தக் கீச்சுக்குரல் பாட்டை இப்போது யாராவது வாசித்துக் காட்டினால் நான் அழுதுவிடுவேன் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு அந்தப் பாட்டு ஆகவே ஆகாது. ஒரு நாள் தலைவலி தாங்காமல் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள். அன்றிலிருந்து படகு சத்தமில்லாமல் வெடித்தது.

மதினி ரொம்ப நாள் அதைத் தொடவில்லை. பின்னால் நின்று பார்ப்பாள், போய்விடுவாள். ஒரு நாள் சாயங்காலம் அண்ணன் மூன்றாவது கட்டத்தில் செத்து, "சனியன்" என்று கீபோர்டைத் தட்டிவிட்டு எழுந்து போனான். மதினி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். துறைமுகத்திலேயே மூன்று படகும் போயின. திரையில் பெரிய எழுத்தில் என்னவோ வந்தது.

"என்னத்தா போட்டிருக்கு?"

"கேம் ஓவர், மதினி."

"அப்படின்னா?"

"ஆட்டம் முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம்."

"அத அவன் எப்படிச் சொல்லலாம்?" என்றாள்.

பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் பெயிலானவள் மதினி. ஒரு தடவை இருபத்தொன்பது, மறு தடவை முப்பத்தொன்று. மூன்றாவது தடவை எழுதுவதற்குள் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். அந்த இரண்டு எண்களையும் அவள் மறக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு ஒரே ஒரு முறை அப்பாவிடம், "மாமா, அந்த ஒத்தப் பாடத்த எழுதிக்கிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். அப்பா கெட்டவர் இல்லை. "எழுதி என்னம்மா செய்யப்போற? கடையில யூரியா அளக்க இங்கிலீஷ் எதுக்கு?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அவள் விளையாடிய விதம் எங்களைப் போல இல்லை. ஒரு தடவை சாவாள். உடனே நிறுத்திவிடுவாள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், பாறை எங்கே, பறவை எந்தப் பக்கமிருந்து வந்தது, பொத்தானை எத்தனை எண்ணுவதற்கு முன்னால் அழுத்த வேண்டும் என்று குறித்துக்கொள்வாள். பிறகுதான் அடுத்த படகு. படகு தாமதமாகத் திரும்புகிறது என்று நாங்கள் ஆத்திரப்பட்டோம். அவள், "அது நெறமாசக்காரி மாதிரித்தா. திரும்பச் சொன்னா மெதுவாத்தான் திரும்பும். நாமதான் முன்னாடியே சொல்லணும்" என்றாள். இரண்டு மாதத்தில் தாள்கள் ஒரு கட்டாகிவிட்டன. நான்காவது கட்டத்தைத் தாண்டினாள். ஐந்தையும் தாண்டினாள். தெருவில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஜன்னலில் வந்து தொங்க ஆரம்பித்தார்கள்.

ஆறாவது கட்டத்தில் பனிமூட்டம். திரை முழுக்க வெள்ளையாகிவிடும். படகும் தெரியாது, பாறையும் தெரியாது. அதில் பாறைகளும் ஒவ்வொரு தடவையும் இடம் மாறும். தாளில் குறித்துவைத்ததெல்லாம் அங்கே செல்லாது. எத்தனை தடவை போனாலும் மூன்று படகும் வெள்ளைக்குள் காணாமல் போயின.

அந்த நாட்களில் அவளைப் பார்க்கக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. சோறு பிசைந்துகொண்டே எங்கேயோ பார்ப்பாள். கூப்பிட்டால் காதில் விழாது. திருச்சுழியிலிருந்து எங்கள் பெரியம்மா வந்திருந்த அன்று, அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பொங்குவதற்குள் ஒரு படகு ஓட்டிவிடலாம் என்று போய் உட்கார்ந்தாள். பால் பொங்கி, அடுப்பு அணைந்து, பாத்திரம் கருகி, கேஸ் வாடை வீடெல்லாம் பரவிவிட்டது. அம்மாதான் ஓடிப்போய் மூடினாள்.

"வீட்டக் கொளுத்தியிருப்பியே! வந்த மனுசி என்ன நெனைப்பா? பச்சப் புள்ளைக வெளையாடுறதப் போயி..." அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

மதினி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்புதான் அத்தே. பெரிய தப்பு." கண் கலங்கியிருந்தது. ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. அண்ணனுக்கும் அவமானமாக இருந்தது. கம்ப்யூட்டரைக் கூட்டாளியிடமே கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டான். அவனுக்கும் பாடம் நடத்த இன்னொன்று தேவைப்பட்டது.

அதைப் பேசத்தான் கூட்டாளி ஒரு நாள் சாயங்காலம் வந்தான். அப்பாவும் இருந்தார். மதினி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவன் சிரித்துக்கொண்டே, "என்ன தங்கச்சி, ஆறாவது ஸ்டேஜிலயே நிக்கிறீகளாம்ல? அத விட்ருங்க. அந்தக் கேமே தப்பு. எழுதுனவன் அந்த எடத்துல தப்பா எழுதிட்டான். யாராலயும் முடியாது" என்றான்.

"யாராலயும்னா, எத்தன பேரு வெளையாடிப் பாத்தீக?"

"நானே பாத்துட்டேன். இதுல டிப்ளமா முடிச்சவன் என்னாலயே முடியல. பத்தாங்கிளாஸ் தாண்டாதவுக எப்படித் தாண்டுவீக?"

அவன் கேலிக்குத்தான் சொன்னான். மதினி காலி டம்ளர்களைத் தட்டில் எடுத்து வைத்தாள். அப்பாவுக்கு என்னவோ போல் இருந்திருக்க வேண்டும். பேச்சை லேசாக்க நினைத்து, "சரிம்மா, அந்தப் படகக் கரை சேத்துப்புட்டேன்னா நீ அந்த இங்கிலீஷ் பரீச்ச எழுதப் போ. நானே பீஸு கட்டுறேன்" என்று சிரித்தார்.

மதினி சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்தாள்.

"நெசமாத்தான் சொல்றீகளா மாமா?"

அப்பா அவளைப் பார்த்தார். "நெசமாத்தாம்மா."

"எப்ப எடுத்துட்டுப் போக வாரீக?" என்று கூட்டாளியிடம் கேட்டாள்.

"வார ஞாயித்துக்கெழம. நாலு மணிக்கு வண்டியோட வாரேன்."

ஒரு வாரம்தான் இருந்தது. இதில் மின்வெட்டு வேறு. தினமும் பகலில் இரண்டு மணி நேரம் கரண்டு போகும். நடுவில் கரண்டு போனால் ஆட்டமும் போய்விடும். முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மதினி பனிமூட்டத்தில்தான் மூழ்கினாள். புதன்கிழமை வீட்டுவேலை முழுவதையும் முடித்துவிட்டு, பகலில் டிவி முன்னால் உட்கார்ந்தாள். பழைய பகுதிகளை மறுஒளிபரப்பு செய்துகொண்டிருந்தார்கள். நானும் பரீட்சை லீவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அன்று பார்த்துப் பனிமூட்டம் வந்தது. மஞ்சச் சட்டைக்காரன் முன்னால் ஒன்றுமே தெரியவில்லை. பாறையில் கட்டியிருக்கிற மணி மட்டும் எங்கேயோ அடித்தது. அவன் என்ஜினை நிறுத்தினான். தலையைச் சாய்த்துக் கேட்டான். மணி எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் படகைத் திருப்பினான். நாங்கள் அந்தப் பகுதியை ஏற்கனவே இரண்டு தடவை பார்த்திருக்கிறோம்.

மதினி எழுந்தே விட்டாள்.

"ஏத்தா! நாம செவிட்டுப் படகுல்ல ஓட்டிக்கிட்டிருக்கோம்!"

எனக்குப் புரியவில்லை. அவள் நேராக அடுப்படிக்குப் போனாள். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அத்தே, அந்த ஸ்பீக்கர் வயரு எங்க வச்சிருக்கீக?"

அம்மா திரும்பவில்லை. கருகிய கறை போகாத பால் பாத்திரம் அப்போதும் ஒரு மூலையில் கவிழ்ந்து கிடந்தது. களைந்த தண்ணீரை வடித்துவிட்டு, "உளுந்து டப்பாவுக்குள்ள கெடக்கு" என்றாள். பிறகு, "அந்தப் பாட்டு மட்டும் சத்தமா வைக்காத" என்றாள்.

வயரை மாட்டினோம். முதல் கட்டத்திலிருந்து மறுபடி ஓட்டி ஆறாவதுக்கு வந்தாள். திரை வெளுத்தது. ஸ்பீக்கரில் 'டிங்' என்று மெல்ல ஒரு சத்தம். படகு நகர நகர அது வேகமாக அடித்தது. பிறகு வெடித்தது. அடுத்த படகில் மதினி என்ஜினை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். நாங்கள் யாரும் அந்தப் பொத்தானை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது எவன் படகை நிறுத்துவான்? நின்று கேட்டால், வலது ஸ்பீக்கரிலா இடது ஸ்பீக்கரிலா என்று சத்தம் தெளிவாகத் தெரிந்தது. விளையாட்டைச் செய்தவன் தொடரை ஒழுங்காகப் பார்த்திருக்கிறான். நாங்கள்தான் அவனைத் திட்டியிருக்கிறோம். பாதி மூட்டத்தைத் தாண்டியபோது கரண்டு போய்விட்டது.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் என்னென்னவோ வந்து குறுக்கே நின்றது. ஒரு நாள் விருந்தாள், ஒரு நாள் முழுக்கக் கரண்டு இல்லை, ஒரு நாள் நாலாவது கட்டத்துப் பறவை. ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கச் சமையலில் போனது, பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை மின்வெட்டு. மதினி கணக்குப் பார்த்து வைத்திருந்தாள். இரண்டு மணிக்குத் தொடங்கினால் நாலு மணிக்குள் முடித்துவிடலாம். கரண்டு வந்தபோது மணி இரண்டு இருபது.

கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் காலண்டர் தாள்களோடு நின்றேன். ஒவ்வொரு கட்டமாகத் தாளைப் பார்த்து நான் சொல்லச் சொல்ல ஓட்டினாள். நாலாவதில் ஒரு படகு போனது. ஐந்தாவதில் இன்னொன்று. ஒரே ஒரு படகோடு ஆறாவது கட்டத்துக்குள் நுழைந்தபோது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. கூட்டாளி முன்கூட்டியே வந்துவிட்டான். மணி மூன்று நாற்பது.

"என்ன, இன்னும் ஓடுதா? எனக்கு வேற லோடு இருக்கு. ஆப் பண்ணிருவோமா?" என்று பிளக் பக்கம் போனான்.

அப்பா கடையிலிருந்து வந்திருந்தார். சுவிட்ச் போர்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"நாலு மணின்னுதான தம்பி சொன்ன? நாலு ஆகட்டும். அந்த நாற்காலில உக்காரு."

திரை வெளுத்தது. 'டிங்... டிங்...' மதினி நிறுத்தினாள், கேட்டாள், திருப்பினாள். மறுபடி நிறுத்தினாள். ஜன்னலில் தொங்கிய பிள்ளைகளிடம் சத்தமே இல்லை. அம்மா ஈரக்கையோடு கதவில் சாய்ந்து நின்றாள். அண்ணன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். பனி மெல்ல விலகியது. நீலம் தெரிந்தது. வெளியே நின்ற பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். கூட்டாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து மின்விசிறி மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. குழல்விளக்கு இரண்டு தடவை சிமிட்டியது. திரை ஓரமாகச் சுருங்கியது.

"வோல்டேஜ் இறங்குது" என்றான் கூட்டாளி. "ஆப் ஆகிரும்."

அப்பா விசிறியை நிறுத்தினார். விளக்கை நிறுத்தினார். அம்மா ஓடிப்போய் பிரிட்ஜ் வயரைப் பிடுங்கினாள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்குள் ஓடி அங்கிருந்த விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்தார். அங்கேயிருந்து அவர் கத்துவது எங்களுக்குக் கேட்டது. பக்கத்து மாவு மில்லைப் பார்த்துக் கத்தினார்.

"ஏ மாப்ளே! மெஷின நிறுத்துய்யா! அஞ்சு நிமிசம் நிறுத்து!"

"எதுக்குய்யா?"

"எங்க மருமக படகு ஓட்டுது!"

மில்காரருக்கு என்ன புரிந்ததோ, மில் நின்றது. திரை மறுபடி நிமிர்ந்தது.

ஏழாவது கட்டத்தை எங்களில் யாரும் பார்த்ததில்லை. எதுவும் வரலாம் என்று பயந்துகொண்டிருந்தோம். எதுவும் வரவில்லை. அமைதியான கடல். தூரத்தில் கலங்கரை விளக்கம். மதினி நம்பவில்லை. நத்தை மாதிரி ஓட்டினாள். இரண்டு தடவை நிறுத்திக் கேட்டாள். ஒரு பறவை வந்தது. ஒதுங்கி வழிவிட்டாள். படகு கரையைத் தொட்டது. பொம்மை மனிதர்கள் குதித்து இறங்கினார்கள். மஞ்சச் சட்டைக்காரன் கடைசியாக இறங்கி, எங்களைப் பார்த்துத் திரும்பி, அந்த மழைக்கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான்.

தெருவே கத்தியது. அண்ணன் என்னைத் தூக்கிச் சுற்றினான். கூட்டாளி, "தங்கச்சி, நான் சொன்னது தப்புங்க" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். எனக்கு அவனை அன்றைக்குப் பிடித்துப்போனது.

திரையில் பெயரை எழுதச் சொல்லிக் கேட்டது. நான் கையை நீட்டினேன். மதினி என் கையை விலக்கிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தானே அடித்தாள். அண்ணன் பெயருக்கும் கூட்டாளி பெயருக்கும் மேலே அது போய் உட்கார்ந்தது. நாலு மணிக்கு அந்தப் பெயரோடுதான் கம்ப்யூட்டர் வண்டி ஏறியது.

மறுநாள் காலையில் அப்பாவே அவளை டவுன் பஸ்ஸில் கூட்டிப்போய் டுட்டோரியலில் சேர்த்துவிட்டு வந்தார். ஆறு மாதம் கழித்துப் பரீட்சை எழுதினாள். முப்பத்துமூன்று வந்தது. பாஸாக இன்னும் இரண்டு வேண்டும். வீட்டில் யாருக்கும் வாய் திறக்கப் பயம். அப்பா மட்டும் மெதுவாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்கம்மா விட்ட?" என்று அவரே கேட்டார்.

"லெட்டர் எழுதுறதுலதான் மாமா. தேதி போட மறந்துட்டேன், கீழ பேரும் எழுதல."

"சரி. அப்ப அடுத்த தடவ எழுது."

அடுத்த தடவை ஐம்பத்தெட்டு. ரிசல்ட் வந்த அன்று கடையில் நல்ல கூட்டம். மழை பெய்து விதைப்புக் காலம். எம்.ரெட்டியபட்டியிலிருந்து பருத்தி விதை வாங்க வந்த சம்சாரிகள் வரிசையாக நின்றிருந்தார்கள். நான் ஓடிப்போய்ச் சொன்னதும் அப்பா தராசை அப்படியே விட்டுவிட்டு நாற்காலிமேல் ஏறி நின்றுவிட்டார்.

"எங்க மருமக பாஸு! இங்கிலீஷுல பாஸு!"

சம்சாரிகள் ஒன்றும் புரியாமல் அண்ணாந்து பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு பெரியவர், "மருமகளா? மகளாய்யா?" என்று கேட்டார்.

"மருமகய்யா, மருமக!"

"பாஸாகி என்ன செய்யப் போகுதாம்?"

அப்பா வீட்டுக்குள் போகிற கதவுப் பக்கம் திரும்பினார். மதினி அங்கே நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

"பிளஸ் டூ எழுதப் போறேன் தாத்தா" என்றாள்.